கந்தப்பன் கொடுத்த ஏடுகள்

மறைமலை நகர் ஸ்டேஷனில் இறங்கி ஒரகடம் பக்கம் போகிற கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் தோழர்களிடம் இந்த ஊருக்கு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டால், ‘யாரோ பெரிய தமிழறிஞராம்’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஃபோர்டு கம்பெனி வந்ததும், 2022இல் மூடிப் போனதும் எல்லோருக்கும் தெரியும். மறைமலையடிகளைத் தெரியாது. அவருடைய தனித்தமிழைப் பற்றிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் இங்கே பேச விரும்புவது அவர் செத்த பிறகு அவருடைய புத்தகங்களுக்கு என்ன ஆயிற்று என்பதை.

பல்லாவரத்தில் தன் வீட்டிலேயே மணிமொழி நூல்நிலையம் என்று ஒன்றை அடிகள் வைத்திருந்தார். தமிழும் வடமொழியும் ஆங்கிலமுமாக ஏறக்குறைய 4000 புத்தகங்கள். 1950 செப்டம்பரில் அவர் இறந்தார். அவருடைய விருப்பப்படியே புத்தகங்கள் பொதுவுக்கு வந்தன. திருநெல்வேலியில் 1920இல் தொடங்கப்பட்ட சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் பொறுப்பேற்று, 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தது. பிற்பாடு அது கன்னிமரா நூலகத்துக்கு இடம் மாறியது. வீடு, விருப்பப் பத்திரம், பதிப்பகம், வாடகைக் கட்டடம், கடைசியில் அரசு நூலகம். ஐந்து இடத்தில் கை மாறியும் தொகுப்பு சிதறவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு பதிவேடு இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஓர் ஆள் இருந்தார், நனையாத கூரை இருந்தது.

இதில் எங்களுக்குப் பொறாமை ஒன்றும் இல்லை. அடிகள் 1923இல் ‘வேளாளர் நாகரிகம்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். தமிழ் நாகரிகத்தை வேளாளர் நாகரிகமாகவே வாசித்த புத்தகம் அது. அதோடு நமக்குத் தீராத சண்டை உண்டு. அந்தச் சண்டையைப் போட முடிவதற்கே புத்தகம் கைக்குக் கிடைக்க வேண்டும், கிடைக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நூலகம் வந்துவிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா வாழ்நாளெல்லாம் சேர்த்த ஒரு லட்சம் போல உள்ள புத்தகங்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக்கியது. இந்த நூலகங்கள் இல்லாவிட்டால் தமிழ்நாட்டு வரலாற்று ஆய்வில் பாதி நடந்திருக்காது. இவற்றில் உட்கார்ந்துதான் நம் ஆய்வு மாணவர்களும் நம் வரலாற்றைத் தேடுகிறார்கள்.

இப்போது இதே செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இன்னொருவரைப் பார்ப்போம். மதுராந்தகம் பக்கம் கோழியாளம் கிராமத்தில் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893 அக்டோபரில் அவர் ‘பறையன்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். வசவுச் சொல்லாக வீசப்பட்ட பெயரை எடுத்துத் தலைப்பில் போட்டுத் தெருவில் விற்ற துணிச்சல் அது. 1939இல் எழுதிய ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ என்ற சிறு நூலில் கணக்கைச் சொல்கிறார்: விளம்பரத்துக்கும் அச்சுக்கும் 10 ரூபாய் செலவு, நான்கு பக்கம், விலை 2 அணா, சென்னையில் இரண்டே நாளில் ஏறக்குறைய 400 பிரதி விற்றது. மாதம் ஒரு முறையாகத் தொடங்கியது, மூன்றே மாதத்தில் வாரப் பத்திரிகையானது. அதே ஆண்டு டிசம்பரில், ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலேயே நடத்தினால் ஆதிக்க சாதிகள்தான் அதிகாரத்தில் அமர்வார்கள் என்று எதிர்த்து, 3412 பேர் கையெழுத்திட்ட 112 அடி நீள மனுவை பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கு அனுப்பியதாகவும் எழுதியிருக்கிறார். 112 அடி நீளத்துக்குப் பெயர்கள்! எழுத்தறிவே இல்லாத கூட்டம் என்று நம்மைப் பற்றி எழுதிவைத்த அதே காலத்தில்.

‘பறையன்’ 1900 வரை, ஏழு ஆண்டுகள் வந்தது. இன்று அதன் முழுத் தொகுப்பு ஒன்றுகூட நம் கையில் இல்லை. சீனிவாசன் கடல் கடந்து போய் தென்னாப்பிரிக்காவில் இருபது ஆண்டு கழித்துத் திரும்பினார். அவருக்குப் பின்னால் ஒரு கழகமோ பதிப்பகமோ காத்திருக்கவில்லை. காகிதமும் ஒரு காரணம். மரக்கூழில் செய்த மலிவுத் தாள் தனக்குள் இருக்கும் அமிலத்தாலேயே பழுப்பேறி நொறுங்கும். கரையானும் மழையும் வராவிட்டாலும் அது தானாகச் சாகும். ஏழைகள் வாங்குகிற பத்திரிகையை மலிவுத் தாளில்தான் அடிக்க முடியும், அதைப் பிரித்து வைக்கிற வீடும் ஓலை வீடாகத்தான் இருந்தது.

அப்படியானால் ‘பறையன்’ போன்ற இதழ்களைப் பற்றி எப்படித் தெரிகிறது? கொஞ்சம் சீனிவாசன் எழுதியது. கொஞ்சம் வெள்ளைக்கார அரசின் உளவு வேலை. சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க, அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் அவற்றை வாசித்துச் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதி அறிக்கை கொடுத்தார்கள். பத்திரிகை போய்விட்டது, வேவு பார்த்த அறிக்கை ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. இதுபோன்ற தடயங்களை எல்லாம் பிடித்துத்தான் ஜெ. பாலசுப்பிரமணியம் ‘சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை’ என்ற நூலை 2017இல் கொண்டுவந்தார். 1869 தொடங்கி 1943 வரை தலித்துகள் நடத்திய இதழ்களின் வரலாறு. ‘சூரியோதயம்’, ‘திராவிட பாண்டியன்’, ‘பறையன்’, ‘பூலோக வியாசன்’ என்று வரிசையாக இத்தனை இதழ்கள் இருந்தனவா என்று அந்த நூலைப் பார்த்துத்தான் நம்மில் பலர் திகைத்தோம். படிக்காத தோழர்கள் தேடிப் படிக்க வேண்டும்.

அந்த வரிசையில் ஒன்று மட்டும் உருப்படியாகத் தப்பியது. அயோத்திதாசப் பண்டிதர் 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’. அடுத்த ஆண்டே ‘தமிழன்’ என்று பெயர் சுருங்கியது. 1914 மே மாதம் அவர் இறக்கும்வரை வாரந்தோறும் வந்தது. எந்தக் கன்னிமராவாலும் அது பிழைக்கவில்லை. கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கப்போன தொழிலாளர்களால் பிழைத்தது. வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து சுரங்கத்தில் இறங்கப் போன நம் மக்கள் அங்கே பௌத்த சங்கம் கட்டினார்கள், பத்திரிகைக்குச் சந்தா கட்டினார்கள். சாம்பியன் ரீப்ஸில் சித்தார்த்தா புத்தகசாலை வைத்துப் பண்டிதரின் நூல்களைத் திரும்ப அச்சிட்டார்கள். 1926இல் ஜி. அப்பாதுரையார் அங்கிருந்து ‘தமிழ’னை மறுபடியும் நடத்தினார். பூமிக்கு அடியில் வேலை பார்த்துவிட்டு வந்து அரிக்கேன் விளக்கில் வாசித்தவர்களின் சந்தாப் பணம் அது. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் ஒரகடம் கான்ட்ராக்ட் தொழிலாளத் தோழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பிறகு தனி மனிதர்கள். சென்னையில் அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய ‘தமிழன்’ இதழ்களைத் தேடிச் சேர்த்துத் தம் பொறுப்பில் காப்பாற்றி வந்தார்கள். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்று இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டது. 2003இல் மூன்றாவது வந்தது. பண்டிதர் இறந்து 85 ஆண்டுகள். அந்த 85 ஆண்டில் தமிழ்நாட்டின் சமூக நீதி வரலாறு எழுதி முடிக்கப்பட்டு, பாடப் புத்தகத்தில் ஏறி, பட்டிமன்றம்வரை போய்விட்டது. அதில் அவர் இல்லை. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று நம் தோழர்கள் பலர் மேடையில் பேசுகிறோம். மறைத்ததும் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்தவன் மேசைக்கு அந்தத் தாள் வந்து சேரவே இல்லை என்பதும் உண்மை. இந்த இரண்டாவது காரணத்தைச் சரிசெய்வது நம் கையில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

‘தமிழன்’ தப்பியதால் என்ன கிடைத்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். பண்டிதர் தன் தாத்தாவைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் கந்தப்பன். ஆரிங்டன் என்ற வெள்ளைக்காரரிடம் பட்லர் வேலை. திருக்குறள், திருவள்ளுவ மாலை, நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகள் கந்தப்பன் வீட்டில் இருந்தன. அவற்றை அவர் ஆரிங்டன் வழியாக எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்தார் என்கிறார் பண்டிதர். எல்லிஸ் யாரென்றால், 1810 முதல் சென்னைக் கலெக்டராக இருந்தவர், குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்து விளக்கம் எழுதியவர், வள்ளுவர் உருவம் பொறித்த நாணயத்தோடு சேர்த்துப் பேசப்படுகிறவர். குறள் அச்சேறிய கதையைச் சொல்லும்போது எல்லிஸ் பெயர் வரும், புலவர்கள் பெயர் வரும், பதிப்பித்தவர் பெயர் வரும். ஏடு யார் வீட்டிலிருந்து வந்தது?

நூலகத் துறையில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிப் படிப்பே இருக்கிறது. ஒரு புத்தகமோ சுவடியோ யார் கையிலிருந்து யார் கைக்குப் போய், எப்படி இந்த அலமாரிக்கு வந்தது என்று பின்னோக்கித் தேடுவது. ‘வந்த வழி’ என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். நாஜிகள் யூதர் வீடுகளில் கொள்ளையடித்த புத்தகங்களை ஜெர்மன் நூலகங்கள் இன்றும் அப்படித்தான் அடையாளம் கண்டு வாரிசுகளுக்குத் திருப்பித் தருகின்றன. முதல் பக்கத்துக் கையெழுத்து, ஒட்டிய சீட்டு, ரப்பர் ஸ்டாம்பு, பதிவேட்டில் ஒரு எண். இவ்வளவுதான் துப்பு.

கந்தப்பன் விஷயத்தில் அந்தத் துப்பு எந்த நூலகப் பதிவேட்டிலும் இல்லாமல் பேரன் நடத்திய பத்திரிகையில் இருக்கிறது. ஏறக்குறைய நூறாண்டு கழித்து, குடும்ப நினைவிலிருந்து எழுதப்பட்டது. அதை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எல்லிஸ் காலத்து ஆவணங்களோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1812இலேயே குறள் அச்சாகிவிட்டது, அந்தப் பதிப்புக்கும் இந்த ஏட்டுக்கும் தொடர்பு உண்டா என்பதெல்லாம் தனித்தனியாகக் கேட்க வேண்டியவை. நம் மாணவர்கள் செய்ய வேண்டிய ஆய்வு அது. ஆனால் ஒரு பறையர் வீட்டுப் பரணில் குறளும் நாலடியும் இருந்தன என்று ஒருவர் 1900களில் அச்சில் சொன்னார் என்பதே, ‘தமிழன்’ கரையானுக்குப் போயிருந்தால் நமக்குத் தெரிந்திருக்காது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எல்லிஸ் 1819இல் ராமநாதபுரத்தில் திடீரென்று இறந்தபோது அவருடைய கையெழுத்துத் தாள்களில் பெரும்பகுதி மதுரையில் ஒரு துரை வீட்டுச் சமையல்காரருக்கு மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் உதவியதாக வால்டர் எலியட் என்ற இன்னொரு துரை எழுதிவைத்திருக்கிறார். கலெக்டர் தாளுக்கே அந்த கதி என்றால் பட்லர் தாளுக்கு?

அம்பேத்கரின் தாள்களுக்கு என்ன நடந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? புத்தகங்களுக்காகவே மும்பை தாதரில் ராஜகிருகம் என்று வீடு கட்டியவர் அவர். 1956 டிசம்பரில் டில்லி அலிப்பூர் சாலை வீட்டில் இறந்தார். 1967 ஜனவரியில் அந்த வீட்டிலிருந்த அவருடைய தாள்கள் வாரி முற்றத்தில் போடப்பட்டு மழையில் நனைந்ததை, அவருடைய உதவியாளராக இருந்த நானக் சந்த் ரத்து எழுதியிருக்கிறார். அரசியல் சாசனத்தை வரைந்த குழுவின் தலைவருடைய கையெழுத்துப் படிகள்! மிஞ்சியவற்றை மகாராஷ்டிர அரசின் குழு கையில் எடுத்து, வசந்த் மூன் பொறுப்பில் முதல் தொகுதி வந்தது 1979இல். இன்று நாம் மேற்கோள் காட்டுகிற அந்த நீலத் தொகுதிகளில் சில டிரங்குப் பெட்டியிலிருந்து மீட்டவை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தாள் தப்பிவிட்டால் போதுமா? அலமாரியில் எங்கே வைக்கிறார்கள் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1930களில் டோரதி போர்ட்டர் என்ற கறுப்பினப் பெண் நூலகர் இருந்தார். டூயி பகுப்பு முறையில் கறுப்பர் எழுதிய எதுவானாலும், கவிதையானாலும் மருத்துவமானாலும், இரண்டே எண்ணில் அடைப்பது அங்கே மற்ற நூலகங்களின் வழக்கம். 325 என்றால் குடியேற்றம், 326 என்றால் அடிமைமுறை. கறுப்பர் என்றால் வேறு என்ன பொருள் இருக்க முடியும் என்பது அவர்கள் நினைப்பு. போர்ட்டர் அதை மறுத்து, கவிதையைக் கவிதையோடும் தத்துவத்தைத் தத்துவத்தோடும் வைத்தார். நம் ஊர் நூலகங்களில் பாருங்கள். பண்டிதர் எழுதியது பௌத்தம், இலக்கண ஆராய்ச்சி, சித்த மருத்துவம், அரசியல் விமர்சனம். எல்லாவற்றையும் சேர்த்துத் ‘தலித்தியம்’ என்று ஒரு தட்டில் போட்டுவிட்டால், பௌத்தம் படிக்க வருகிற மாணவர் கண்ணில் அவர் படவே மாட்டார். அந்தத் தட்டு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தத் தட்டு மட்டும் போதாது என்கிறோம்.

இனி கழிக்கிற வேலை. நூலகத்தில் இதைக் களையெடுப்பு என்கிறார்கள். கிழிந்தது, பழையதானது, யாரும் எடுக்காதது ஆகியவற்றைப் பதிவேட்டில் அடித்துவிட்டு எடைக்குப் போடுவது. எந்த நூலகமும் இதைச் செய்யாமல் இருக்க முடியாது, இடம் போதாது. 1998ஆம் ஆண்டு கம்ப்யூட்டர் கையேட்டை வைத்துக்கொண்டு யாருக்கும் பயனில்லை. சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில், 1948இல். சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், காலனி வீடுகளும் கட்டுகின்றன. ஆகவே எது களை, எது பயிர் என்று தீர்மானிக்கும்போது நமக்கும் ஒரு வாய் இருக்க வேண்டும். ‘பத்து ஆண்டாக யாரும் எடுக்கவில்லை’ என்பது ஒரு அளவுகோல். அந்த அளவுகோலால் அளந்தால் 1980களில் சிறு இயக்கங்கள் போட்ட துண்டுப் பிரசுரங்கள் முதலில் போகும். அட்டை இல்லாதவை, ஐ.எஸ்.பி.என். இல்லாதவை, ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்தவை. அந்த நூலகத்தில் இருப்பதுதான் கடைசிப் பிரதியாக இருக்கலாம் என்று யாராவது கேட்ட பிறகுதான் எடைக்குப் போக வேண்டும். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006க்குப் பிறகு பஞ்சாயத்துதோறும் கட்டிய நூலகங்களில் பல பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய அறையில் களையெடுப்பதற்கு ஆளே தேவையில்லை, எலியும் ஒழுகலும் செய்துவிடும்.

அரசு அலுவலகங்களில் இந்தக் கழிவு வேலைக்கு எழுத்துகளே உண்டு. தாசில்தார் ஆபீசிலிருந்து வந்த பழைய கடிதத்தை எடுத்துப் பாருங்கள், எண்ணுக்கு முன்னால் ஆர்.டிஸ். என்றோ டி.டிஸ். என்றோ இருக்கும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்பு. டி.டிஸ். 10 ஆண்டில் அழிக்கலாம். கே.டிஸ். 3 ஆண்டு. எல்.டிஸ். ஒரே ஆண்டு. கோப்பை முடிக்கும்போது ஒரு எழுத்தர் போடுகிற அந்த ஒற்றை எழுத்தில்தான் உங்கள் தாத்தாவின் மனுவுக்கு ஆயுள் எவ்வளவு என்று முடிவாகிறது. களப்பணியில் இருக்கிற தோழர்கள் இதை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏனென்றால் இந்த மாவட்டத்தில் பழைய தாள் என்பது நிலம். செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலை பற்றி ஒரு அறிக்கை எழுதினார். குடியிருக்கிற மனையிலிருந்துகூட மிராசுதார் நினைத்தால் விரட்டலாம் என்ற நிலையை அதில் பதிவு செய்தார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று 1010, 1010ஏ என்ற எண்களில் வருவாய்த் துறை அரசாணைகள் வந்தன. அதில் தொடங்கியதுதான் பஞ்சமி நிலம். 10 ஆண்டுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே கைமாறலாம் என்பது நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கச் சொல்லித்தான் காரணைப் போராட்டம் நடந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரை விட்டார்கள்.

ஒரு சர்வே எண் பஞ்சமியா இல்லையா என்பதைச் சொல்வது பழைய செட்டில்மென்ட் பதிவேடும் ‘அ’ பதிவேடும்தான். அதிலே டி.சி. என்று குறித்திருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், நம் ஊரில் யு.டி.ஆர். என்பார்கள், எத்தனையோ இடங்களில் அந்தக் குறிப்பு காணாமல் போய், சாதாரணப் பட்டாவாக மாறியிருக்கிறது. இதில்தான் டிஜிட்டல் விஷயம் வந்து சேர்கிறது. இன்று செல்போனில் சிட்டா பார்க்கலாம், நல்லது. ஆனால் கணினிக்குள் போனது யு.டி.ஆருக்குப் பிந்தைய பதிவு. 1892ஆம் ஆண்டு நிபந்தனை அந்தத் திரையில் தெரியாது. மாற்றி எழுதிய பிரதியை மட்டும் ஸ்கேன் செய்து, ‘எல்லாம் ஆன்லைனில் இருக்கிறது’ என்று சொல்லி, மூலப் பதிவேட்டைக் கிழிசல் என்று கழித்துவிட்டால் வந்த வழி அடைபட்டுவிடும். ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுகிறவர்கள் யு.டி.ஆர். ‘அ’ பதிவேட்டோடு நிற்காமல், அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலையும் சர்வே எண் போட்டுக் கேளுங்கள். மாவட்டப் பதிவறையில் இல்லை என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேளுங்கள். ஒரகடம் சாலையில் சென்ட் விலை ஏறுகிற வேகத்தில் இதைத் தள்ளிப்போட நமக்கு நேரம் இல்லை.

புத்தகங்களுக்கும் அதே கதைதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான பழைய நூல்களை இலவசமாகப் படிக்கலாம், நம் மாணவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் ஸ்கேன் செய்தவர் ‘அயோத்தி தாசர்’ என்று இரண்டு சொல்லாகப் பதிந்து, நாம் ‘அயோத்திதாசர்’ என்று தேடினால் சில இயந்திரங்கள் கையை விரித்துவிடும். அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் ‘தேவையில்லை’ என்று விட்டுவிட்டால், எந்த ஊரில் எந்தக் கடையில் அந்த இதழ் விற்றது, யார் நன்கொடை கொடுத்தார்கள் என்ற செய்தி போயிற்று. தலித் இதழ்களில் கடைசிப் பக்கத்துச் சந்தாதாரர் பட்டியல்தான் பல நேரம் நமக்குத் தலையங்கத்தைவிட முக்கியம்.

எங்கள் படிப்பகத்தில் இப்போது வீடு வீடாகக் கேட்டுத் தாள்களைச் சேர்க்கிறோம். பழைய மாநாட்டு அழைப்பிதழ், சங்க ரசீது, நோட்டீஸ், இரவுப் பள்ளி வருகைப் பதிவேடு. இந்த வேலையைத் தம் ஊரில் தொடங்க நினைக்கும் தோழர்களுக்குச் சில சொற்கள். மூலத்தைப் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள். படம் எடுத்துவிட்டு அந்த வீட்டிலேயே திருப்பிக் கொடுங்கள், அவர்களாகவே கொடுத்தால் மட்டும் ரசீது எழுதி வாங்குங்கள். கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள், அந்தப் பசை சில ஆண்டில் மஞ்சளாகி எழுத்தையே தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்க முடியாது. துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றி நூலால் தைக்கலாம். முன் பக்கம், பின் பக்கம், வெற்றுப் பக்கம் எல்லாவற்றையும் படம் எடுங்கள். ஓரத்தில் யாரோ பென்சிலில் போட்ட கணக்கையும் சேர்த்து. ஒரு வீட்டுப் பெட்டியில் இருந்ததைப் பொருள்வாரியாகப் பிரித்துக் கலைக்காதீர்கள், அந்தப் பெட்டியில் எந்த வரிசையில் இருந்ததோ அந்த வரிசையிலேயே எண் போடுங்கள். வீட்டுச் சண்டை, கடன் பத்திரம், நோய்ச் சீட்டு போன்றவை இடையில் இருந்தால் அந்த வீட்டாரைக் கேட்காமல் வெளியே விடக் கூடாது.

பதிவேடு ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எண், பொருள், ஆண்டு, கொடுத்தவர் பெயர், தேதி என்று கட்டம் போட்டோம். பிறகு ‘அவருக்கு யார் கொடுத்தது’ என்று இன்னொரு கட்டம் சேர்த்தோம். அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் பெண்கள் பெயர்தான் வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகள், ‘ஏதோ தாத்தா பேப்பரு’ என்று அரிசிப் பானைக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்தவர்கள்.